ஈஆர்சிபி முடிஞ்ச ராத்திரி வயித்து வலி வந்தா கேஸ்னு விடலாமா?

கேள்வி: டாக்டர், நாங்க களியக்காவிளை பக்கம். என் மனைவிக்கு 34 வயசு. சாப்ட்டதும் வலது பக்கம் மேல் வயித்துல வலி வந்துட்டு வந்துட்டு போகுது. ஸ்கேன்ல பித்தப்பையில கல் இருக்கு, பித்தக்குழாய் கொஞ்சம் அகலமா இருக்கு, அங்கயும் கல் இருக்கலாம்னு எழுதியிருக்காங்க. மஞ்சக்காமாலை இல்ல, ரத்தத்துல பிலிரூபின் (காமாலைல கூடுற மஞ்ச நிறப் பொருள்) நார்மல். திருவனந்தபுரத்துல ஒரு ஆஸ்பத்திரியில ஈஆர்சிபி (வாய் வழியா ட்யூப் விட்டு பித்தக்குழாய்ல இருக்கிற கல்லை எடுக்கிற ட்ரீட்மென்ட்) பண்ணிடலாம், சாயங்காலமே வீட்டுக்கு போயிடலாம்னு சொல்றாங்க. ஆனா எங்க தெருவுல ஒரு சித்தி இதே ட்ரீட்மென்ட்டுக்கு போயி கணையம் வீங்கி ஐசியூல கிடந்தாங்க, டாக்டர் தப்பா பண்ணிட்டார்னு அவங்க வீட்ல இன்னும் சொல்றாங்க. பண்ணலாமா வேண்டாமா?

பதில்: தம்பி, உங்க பயம் நியாயமான பயம், அதை யாரும் சும்மா தட்டிவிடக்கூடாது. முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கங்க. கல்லீரல்ல இருந்து வர்ற பித்தக்குழாயும் கணையத்துல இருந்து வர்ற குழாயும், ரெண்டு ஓடை ஒரே மடையில வந்து சேர்ற மாதிரி, சிறுகுடல்ல ஒரே வாய்ல வந்து திறக்கும். ஈஆர்சிபில வாய் வழியா ட்யூப் விட்டு அந்தச் சின்ன வாயைத் தேடிப் பிடிச்சு, மெல்லிசா ஒரு வயரை பித்தக்குழாய்க்குள்ள ஏத்தி, எக்ஸ்ரேல தெரியுற சாய மருந்து விட்டு பாத்து, வாயைக் கொஞ்சம் வெட்டி விட்டு கல்லை வெளியே இழுப்பாங்க. வயர் சில சமயம் பக்கத்துல இருக்கிற கணையக் குழாய்க்குள்ள போயிடும், இல்ல அந்த இடம் தொட்டுத் தொட்டு வீங்கிப்போகும், அப்ப கணைய நீர் வெளியே வர வழியில்லாம உள்ளயே தேங்கி கணையத்தையே அரிக்க ஆரம்பிக்கும். அதுதான் பேன்க்ரியாடைட்டிஸ்.

இது எவ்வளவு பேருக்கு வருதுன்னா, பொதுவா 100 பேர்ல 3ல இருந்து 10 பேர் வரைக்கும். ரிஸ்க் அதிகமா இருக்கிறவங்கள்ல 15ஐயும் தாண்டும். பெரும்பாலானவங்களுக்கு லேசா வந்து சில நாள் ட்ரிப்ஸ்லயே அடங்கிடும், கொஞ்சப் பேருக்குத்தான் அந்த சித்திக்கு ஆன மாதிரி கடுமையாகும், ஆனா கடுமையானா உயிருக்கே ஆபத்து, அதையும் மறைக்காம சொல்லணும்.

இப்ப உங்க வீட்டு விஷயம். பெண், சின்ன வயசு, பிலிரூபின் நார்மல். இந்த மூணுமே ரிஸ்க்கைக் கூட்டுற விஷயம். அதனால நான் முதல்ல கேக்கிறது, கல் இருக்குன்னு உறுதியா தெரியுமா இல்ல "இருக்கலாம்"தானா? சாதா ஸ்கேன்ல பித்தக்குழாயோட கடைசிப் பகுதி பல நேரம் சரியா தெரியாது, குடல்ல இருக்கிற காத்து மறைச்சிடும். எம்ஆர்சிபின்னு ஒரு எம்ஆர்ஐ ஸ்கேன் இருக்கு, வாய்க்குள்ள ட்யூப் கிடையாது, கணையத்தைத் தொடுறதே இல்ல. இல்லன்னா எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட், அதாவது வாய் வழியா ட்யூப் விட்டு உள்ள இருந்தே பாக்கிற ஸ்கேன். ரெண்டுல ஒண்ணைப் பண்ணி கல் இருக்கான்னு பாத்துட்டு, இருந்தா மட்டும் ஈஆர்சிபி. "இருக்கான்னு பாக்க" ஈஆர்சிபி பண்ற காலம் போயிடுச்சு, இப்ப அது வைத்தியத்துக்கு மட்டும்தான். சின்னக் கல் தானாவே குடலுக்கு இறங்கிப் போறதும் உண்டு, அப்ப பித்தப்பை ஆபரேஷன் மட்டும் போதும். செலவு கூடுதேன்னு எம்ஆர்சிபியை விட்டுடாதீங்க தம்பி, உங்க மனைவி மாதிரி இருக்கிறவங்களுக்குத்தான் அது ரொம்ப முக்கியம்.

கல் இருக்குன்னு உறுதியாயிட்டா பயந்துட்டு தள்ளிப் போடவும் கூடாது. கல் அடைச்சா மஞ்சக்காமாலை, குளிர் ஜுரம், பித்தக்குழாய்ல சீழ், ஏன், கல்லே போய் அந்த வாயை அடைச்சு பேன்க்ரியாடைட்டிஸும் வரும். அப்ப டாக்டர்கிட்ட தயங்காம கேளுங்க: "ஆசனவாயில வைக்கிற மாத்திரை வைப்பீங்களா சார்?" டைக்ளோஃபெனாக் இல்ல இண்டோமெத்தசின், 100 மில்லிகிராம். விலை ரொம்பக் குறைவு. 2012ல அமெரிக்காவுல ரிஸ்க் அதிகமான 602 பேர்கிட்ட பண்ணின ஆய்வுல, மருந்தே இல்லாத டம்மி மாத்திரை வெச்சவங்கள்ல 100க்கு கிட்டத்தட்ட 17 பேருக்கு பேன்க்ரியாடைட்டிஸ் வந்துச்சு, இண்டோமெத்தசின் வெச்சவங்கள்ல 9 பேருக்குத்தான். கிட்னி கோளாறு, ஆறாத அல்சர், வலி மாத்திரை அலர்ஜி, கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்னா வைக்க மாட்டாங்க, அதனால இதெல்லாம் இருந்தா நீங்களே முன்னாடி சொல்லிடணும். கணையக் குழாய்க்குள்ள வயர் திரும்பத் திரும்ப போயிட்டா அங்க நீர் வடிய ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய், அதாவது ஸ்டென்ட், வெச்சு வைப்பாங்க, ரிங்கர் லாக்டேட் ட்ரிப்ஸும் தாராளமா ஏத்துவாங்க, இதெல்லாம் கணையத்தைக் காப்பாத்துற வேலைதான்.

அடுத்தது சாயங்காலமே வீட்டுக்கு போறது. இதுலதான் நான் உங்ககிட்ட பிடிவாதமா ஒண்ணு சொல்றேன், அன்னைக்கு ராத்திரி திருவனந்தபுரத்துலயே இருங்க. வலி பெரும்பாலும் முதல் சில மணி நேரத்துல ஆரம்பிச்சு 24 மணி நேரத்துக்குள்ள தெரிஞ்சிடும். களியக்காவிளைக்கு 30 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா பாலராமபுரம், நெய்யாற்றின்கரை தாண்டி வர்றதுக்கு எவ்வளவு நேரமாகும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும். நடுராத்திரி வலி வந்தா திரும்ப அங்க போறதா, இல்ல மார்த்தாண்டத்துலயே காட்டுறதான்னு வீட்ல பேசிட்டு இருப்பாங்க, அதுக்குள்ள ஒருத்தர் ஓமத்தண்ணி கொடுப்பார், ஒருத்தர் சோடா வாங்கிட்டு வருவார், கேஸா இருக்கும் விடிஞ்சா சரியாயிடும்னு ஒரு பாட்டி சொல்வாங்க. இப்படி ராத்திரி முழுக்க ஓமத்தண்ணியோட கழிச்சு காலைல நாடி விழுந்து வர்றவங்களை நான் பாத்திருக்கேன், அந்த ராத்திரியில ட்ரிப்ஸ் ஏறியிருந்தா கதை வேற. ட்யூப் விட்டப்போ காத்து ஏத்தினதால லேசா வயிறு உப்புறது சகஜம், அது ஏப்பம் விட்டா, நடந்தா குறையும். நெஞ்சுக்குழியில ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் துளைச்சுட்டு போற வலி, கூடவே வாந்தி, குனிஞ்சு உக்காந்தாதான் கொஞ்சம் தேவலைங்கிற வலி, இது கேஸ் இல்ல. வாய்ல எதுவும் கொடுக்காம உடனே ஆஸ்பத்திரி. குளிர் ஜுரம் வந்தாலும், மலம் தார் மாதிரி கறுப்பா போனாலும் அப்படித்தான். வெட்டின இடத்துல இருந்து ரத்தம் சில நாள் கழிச்சும் வரலாம்.

தங்க முடியவே முடியாதுன்னா டிஸ்சார்ஜ் பேப்பர்ல என்ன பண்ணாங்க, வெட்டினாங்களா, ஸ்டென்ட் வெச்சாங்களா, ராத்திரி கூப்பிட வேண்டிய நம்பர் என்னன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அதைப் பாத்தாதான் இந்தப் பக்கம் இருக்கிற டாக்டருக்கு எதைத் தேடணும்னு புரியும்.

சித்தி விஷயம்: அவங்க ரிப்போர்ட்டை பாக்காம டாக்டர் தப்புன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. ஆனா நல்லா கை பழகினவர் எல்லாத்தையும் சரியா பண்ணியும் இது வரும். அந்த 3ல இருந்து 10ங்கிற கணக்கே அப்படி வந்ததுதான். இந்த ரிஸ்க்கை முன்கூட்டியே அவங்களுக்குப் புரியுற மொழியில சொல்லியிருக்கணும், சொல்லலைன்னா அது தப்புதான்.

கேள்வி: செங்கோட்டையில இருந்து எழுதுறேன். அப்பாவுக்கு நேத்து ஈஆர்சிபி முடிஞ்சுது, வலி இல்ல, இட்லி சாப்பிடுறார். ஆனா ரத்தத்துல அமைலேஸ் (கணையத்துல சுரக்கிற ஒரு என்சைம்) கூடியிருக்காம், பேன்க்ரியாடைட்டிஸா?

பதில்: வலி இல்லாம அமைலேஸ் மட்டும் கூடுறது இந்த ட்ரீட்மென்ட்டுக்கு அப்புறம் நிறைய பேருக்கு வரும், அதுக்கு பேர் பேன்க்ரியாடைட்டிஸ் இல்ல. புதுசா வலியும் இருந்து, அமைலேஸ் நார்மலை விட 3 மடங்கோ அதுக்கு மேலயோ இருந்தாதான் அந்தப் பேரு. அப்பா இட்லி சாப்பிடட்டும்மா.

கேள்வி: கொழிஞ்சாம்பாறை. அம்மாவுக்கு கல் எடுத்துட்டு பித்தக்குழாய்ல பிளாஸ்டிக் ஸ்டென்ட் வெச்சாங்க. அஞ்சு மாசம் ஆச்சு, வலி ஒண்ணும் இல்ல. அப்படியே விடலாமா?

பதில்: விடக்கூடாதுங்க, இந்த வாரமே கூட்டிட்டு போங்க. பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை பொதுவா 3 மாசத்துல எடுக்கணும் இல்ல மாத்தணும். நாளாக நாளாக உள்ள அழுக்கு அடைச்சு, திடீர்னு ஒரு நாள் நடுக்கத்தோட ஜுரம், கண் மஞ்சள், பிரஷர் இறங்குறதுன்னு வந்து நிக்கும். வலி இல்லைங்கிறதால எத்தனை பேர் மறந்துடறாங்க, நினைச்சாலே பதறுது. போட்ட ஆஸ்பத்திரி கோயம்புத்தூரா பாலக்காடான்னு பாக்க வேண்டாம், பேப்பரை எடுத்துட்டு ஈஆர்சிபி பண்ற எந்த இடத்துக்கும் போகலாம். பித்தப்பையை இன்னும் எடுக்கலைன்னா அதையும் பேசிட்டு வாங்க, குழாய்ல கல் எடுத்தவங்களுக்கு 2 வாரத்துக்குள்ள பித்தப்பையை எடுத்துடறது நல்லது, இல்லன்னா அங்க இருந்து திரும்பக் கல் இறங்கும்.

கேள்வி: குலசேகரம். என் தம்பிக்கு 22 வயசு, அடிக்கடி வயித்து வலி, இப்ப சுகரும் இருக்குன்னு சொல்றாங்க. மரச்சீனிக் கிழங்கு தின்னதால கணையம் கெட்டுப்போச்சுன்னு ஊர்ல சொல்றாங்க, நிஜமா?

பதில்: இந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கு. 1960கள்ல கேரளாவுல டாக்டர் கீவர்கீஸ், சின்ன வயசுலயே வயித்து வலி, கணையத்துல கல், அப்புறம் சுகர்னு வந்த ஏராளமானவங்களைப் பாத்து எழுதினார். அதுக்கு ட்ராபிகல் பேன்க்ரியாடைட்டிஸ்னு பேர். மரச்சீனி அங்க முக்கியச் சாப்பாடா இருந்ததால சந்தேகம் அதுமேல போச்சு, ஆனா நிரூபணம் ஆகல, மரச்சீனியே சாப்பிடாத ஊர்லயும் இந்த நோய் இருக்கு, ஸ்பின்க்1ங்கிற ஜீன்ல மாற்றம் நிறைய பேர்கிட்ட கண்டுபிடிச்சிருக்காங்க. கிழங்கை வேகவெச்சு தண்ணியை வடிச்சுட்டு மீன் குழம்போட தாராளமா சாப்பிடுங்க. தம்பிக்கு நீங்க உடனே பண்ண வேண்டியது கணையத்துக்கு ஒரு சிடி ஸ்கேன். மலம் எண்ணெய் பசையா, தண்ணில மிதக்குற மாதிரி போகுதான்னும் கேட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க. பீடி சிகரெட், குடி இருந்தா அது இன்னைக்கே நிக்கணும்.