கூதிர் காலத்துப் பேராதனை

பேராதனைப் பல்கலைக்கழக வளாகம் எந்தப் பருவத்தில் மிக அழகாக இருக்கும், அங்கேயே தங்கிப் படிக்கும் மாணவரின் வாழ்க்கை பருவத்துக்குப் பருவம் எவ்வாறு மாறும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2003 முதல் நான்கு ஆண்டுகள் அங்கே கலைப்பீடத்தில் தமிழைச் சிறப்புக் கற்கையாகப் படித்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். ரொபரோசியா மரங்கள் பூக்கும் காலமே அழகு என்று பெரும்பாலோர் சொல்வார்கள். என்னைக் கேட்டால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தையே சொல்வேன்.

நான் யாழ்ப்பாணத்துக்காரன். எங்கள் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். மலை என்பதைப் பாடநூலில்தான் பார்த்திருந்தேன். போரால் மூடிக்கிடந்த கண்டி - யாழ்ப்பாண ஏ9 வீதி 2002இல் திறக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு, பஸ்ஸில் நெடுநேரம் பயணம் செய்து கண்டியில் இறங்கி, அங்கிருந்து கலஹா வீதி வழியாக வளாகத்துக்குள் நுழைந்தபோது, ஒரு பக்கம் மகாவலி ஆறும் மறுபக்கம் ஹந்தானை மலைத்தொடரும் இருக்க, இவற்றுக்கு இடையில் ஒரு பல்கலைக்கழகத்தை எப்படிக் கட்டினார்கள் என்ற வியப்பே முதலில் எழுந்தது. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தை இங்கே கொண்டுவர வேண்டும் என்று உழைத்தவர் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். 1952இல் மாணவர்கள் இங்கே குடிவந்தார்கள். பற்றிக் அபர்குரொம்பி, கிளிபர்ட் ஹொலிடே ஆகியோரின் திட்டமும் ஷேர்லி டி அல்விஸின் கட்டடக் கலையும் மலையின் சரிவை வெட்டிச் சிதைக்காமல் அதற்கு இசைந்தே அமைந்தன. ஆகவே வளாகத்தில் எங்கே நின்றாலும் மலை கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்தே நாங்கள் பருவத்தைக் கணித்தோம்.

தை, மாசியில் மலை மிகத் தெளிவாகத் தெரியும். பகலில் வெயில் உறைக்கும், இரவிலோ குளிர் எலும்புக்குள் இறங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு போர்வையோடு வந்தவர்கள் முதல் வாரத்திலேயே கண்டிக் கடைத்தெருவுக்குச் சென்று சுவெட்டர் வாங்கினோம். புல் மஞ்சளித்துவிடும் இந்த மாதங்களில் அட்டைத் தொல்லை குறைவு என்பதால் ஹந்தானை ஏறுவதற்கு உகந்த காலம் இதுவே. இதே வறட்சியில் ரொபரோசியா இலைகளைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பின்னர் சித்திரையை அண்டி ஓர் இலைகூட இல்லாத கிளைகளில் இளஞ்சிவப்புப் பூக்கள் அடர்ந்து நிறைந்துவிடும். பின்னேரத்து இடிமழை ஒன்று வந்து ஓய்ந்தால், தார் வீதி முழுவதும் பூவாகக் கிடக்கும். விரிவுரைக்கு நடந்து போகும்போது ஈரப் பூவிதழ்கள் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு மண்டபத்துக்குள்ளும் வந்துவிடும். இந்த அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது சில நாள் அழகு. புத்தாண்டு விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவதால், பூத்துக் குலுங்கும் அந்த நாட்களிற் சிலவற்றை மாணவர்கள் பார்ப்பதே இல்லை.

வைகாசியில் கொன்றை பூக்கும். புத்தரின் திருநாளான வெசாக்குக்கு விளக்குக் கூடு கட்டுவதற்காக விடுதியின் சிங்கள நண்பர்கள் மூங்கிலைக் கீறும்போது நாங்களும் பசையும் கடதாசியுமாக உடன் அமர்வோம். அதன் பிறகு ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று ஓயாமல் வீசும். யன்னல்கள் அடித்துக்கொள்ளும், குடை பயன்படாது, மழை பெய்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு தூறல் நாள் முழுவதும் இருக்கும். படிப்பதற்கு நல்ல பருவம் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

இனி ஐப்பசிக்கு வருகிறேன். நண்பகல் வரை வெயில் எறிக்கும். இரண்டு மணியளவில் ஹந்தானையின் உச்சி மறையும், பிறகு அதன் தோள், பிறகு மலை இருந்த இடமே தெரியாது. அரை மணிநேரத்தில் மழை விரிவுரை மண்டபத்து ஓட்டுக்கூரையில் விழும் ஓசைக்கு விரிவுரையாளர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். மகாவலி செந்நிறமாகப் பெருகும். கழுவிய சட்டை நான்கு நாளாகியும் காயாது. புத்தகத்தின் மட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்கு ஒதுங்கிய குரங்குகள் யன்னல் விளிம்பில் வரிசையாக அமர்ந்து நாங்கள் பாண் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வெளியே போக முடியாத அந்தப் பின்னேரங்களில்தான் நாங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டோம். நான் இருந்தது அருணாசலம் விடுதி. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே சங்கம் அமைத்துக் குரல்கொடுத்த பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயரைத் தாங்கியது. என் அறைத்தோழன் மாத்தறையைச் சேர்ந்த சிங்கள மாணவன். எனக்குச் சிங்களமும் அவனுக்குத் தமிழும் தெரியாது. இருவரின் ஆங்கிலமும் சாப்பாட்டுக்கும் சோதனைக்கும் அப்பால் செல்லாது. போர் நிறுத்தப்பட்டிருந்த காலமாயினும் இருவர் மனத்திலும் தயக்கம் இருந்தது. நாங்கள் பொதுவாக வைத்திருந்த ஒரே சொல் ‘மச்சான்’. அது இரு மொழிக்கும் சொந்தமானது. ஒரு மழை நாளில் பால் விடாத பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு, யன்னலுக்கு வெளியே விரலைக் காட்டி அவன் ‘வெஸ்ஸ’ என்றான், நான் ‘மழை’ என்றேன். மழை தணிந்து சிறுதுளியானதும் அவன் ‘பொத வெஸ்ஸ’ என்றான். எங்கள் ஊரில் அதைத் துமிப்பது என்போம் என்று நான் கைவிரல்களை அசைத்துக் காட்டினேன். அன்றிரவு மின்சாரம் நின்றுபோனது. மெழுகுதிரி வெளிச்சத்தில் காற்றுக்கும் இடிக்கும் மின்னலுக்கும் இரு மொழியிலும் பெயர் எழுதி அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினோம். அந்தப் பட்டியல் மார்கழிக்குள் கதவு வரை நீண்டுவிட்டது.

அந்தத் தவணையில்தான் எங்களுக்குத் தொல்காப்பியத்தின் அகத்திணையியல் பாடமாக இருந்தது. மலைநிலமாகிய குறிஞ்சிக்குப் பெரும்பொழுது, அதாவது பருவம், கூதிரும் முன்பனியும்; சிறுபொழுது, அதாவது நாளின் வேளை, யாமம் என்று பள்ளிக்காலத்திலிருந்தே மனப்பாடமாகச் சொல்லி வந்தவன் நான். கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். மலைநிலத்துக்கு ஏன் அந்த மாதங்களைக் கொடுத்தார்கள் என்பது, மழை விட்ட ஒரு நள்ளிரவில் மலையிலிருந்து இறங்கிவந்த நீரோடைகளின் ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்காத வேளையில் விடுதி வாசற்படியில் நின்றபோது எனக்கு விளங்கியது. இருளும் குளிரும் நீரின் ஓசையும் சேர்ந்து மனிதரை நெருங்கி இருக்கச் செய்யும் பொழுது அது. குறிஞ்சிக்குரிய ஒழுக்கமான புணர்தலை, காதலர் கூடுவதை, அந்தப் பொழுதில் வைத்த புலவர்கள் மலையில் நனைந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

அதே காரணத்தால்தான் வளாகத்து மேட்டிலுள்ள முருகன் கோயிலுக்குக் குறிஞ்சிக்குமரன் என்ற பெயர் அவ்வளவு பொருந்துகிறது. மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் பனிக்குள் நடந்து அந்த மேட்டில் ஏறுவோம். முன்னே செல்பவரின் கைவிளக்கு மட்டும் தெரியும். பாடுபவரின் வாயிலிருந்து வரும் ஆவியும் அந்த வெளிச்சத்தில் தெரியும். பூசை முடிந்து சூடான சுண்டலை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு நிற்கும்போது பனி விலகி, கீழே ஆறும் பிறகு விடுதிக் கூரைகளும் ஒவ்வொன்றாக வெளிப்படும்.

மாலைகளில் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் பெயரைத் தாங்கிய திறந்தவெளி அரங்கில் நாடகம் நடக்கும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் செம்மைப்படுத்தி மேடையேற்றியதும் இந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்களைக் கொண்டுதான் என்பதை எங்கள் துறையில் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். நாடகத்தின் நடுவே தூறல் தொடங்கினாலும் கல்லிருக்கைகளில் இருந்து எவரும் எழுவதில்லை. இருவருக்கு ஒரு குடை விரியும், அவ்வளவுதான்.

நீங்கள் பார்க்க வருவதாயின் ஐப்பசியின் கடைசி வாரத்தில் வாருங்கள். காலையிலேயே வந்து, கலஹா வீதியில் செனற் கட்டடம் வரை நடந்து, ஆற்றங்கரையோரம் திரும்பி, இரண்டு மணிக்கு முன் ஏதாவது ஒரு கன்ரீனில் யன்னலோரத்து மேசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மலை மறையத் தொடங்கும்போது பிளேன்ரீ ஒன்று சொல்லலாம். மழை விடுவதற்கு நேரமாகும், அருகில் இருப்பவர் பேச்சுக் கொடுப்பார்.