கடிவாளத்தைக் கண்டால் மிரளும் குதிரை

கேள்வி: என் 6 வயதுப் பெண்குதிரை கடிவாளத்தைக் கண்டாலே தலையைத் தூக்கிப் பின்வாங்குகிறது. அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளர் ஒருவர் வருகிறார். கயிற்றைப் பிடிப்பதும் விடுவதுமாகவே நேரம் போகிறது. பலன் இருக்குமா?

பதில்: இருக்கும். ஆனால் முதலில் கால்நடை மருத்துவரிடம் பல்லையும் முதுகையும் காட்டிவிடுங்கள். ஒரு குதிரையை நான் 2 மாதம் முரடு என்றே நினைத்திருந்தேன். கூரான கடைவாய்ப்பல் கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. இன்றும் மனசு உறுத்துகிறது.

குதிரைக்குப் பாடம் கயிறு தளரும் நொடியில்தான். தலையை ஓர் அங்குலம் தாழ்த்தியதுமே விட்டுவிட வேண்டும்; தாமதித்தால் வேறெதையோ கற்றுக்கொள்ளும். பயிற்சியாளரின் விரல்களையே பாருங்கள். பிறகு கயிற்றை நீங்கள் வாங்கிப் பழகுங்கள். அவரிடம் மட்டும் அடங்கினால் உங்களுக்கு என்ன பயன்? நெற்றிக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள், அங்கே அதற்குக் கண் தெரியாது. தோள்பக்கமாக நில்லுங்கள்.