கப்பல் இல்லாத மரைன் கரையில்தான் நிற்பார்: அமெரிக்க மரைன் படை பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். மரைன் படை என்பது கடற்படையின் ஒரு பிரிவா, தனிப் படையா? ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள்.

கடலிலிருந்து கரையில் இறங்கிச் சண்டை போடும் தனிப் படை. ஆனால் கடற்படைத் துறை என்ற ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. கடற்படைக்கும் மரைன் படைக்கும் துறைச் செயலர் ஒருவரே. தளபதிகள் வேறு வேறு. 1775 நவம்பர் 10-இல் தொடங்கிய படை இது. குறைந்தது 3 டிவிஷன், 3 விமானப் பிரிவு இருந்தே ஆக வேண்டும் என்று 1952-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். அதனால் நினைத்த நேரத்தில் இதைக் கலைத்து ராணுவத்தோடு சேர்த்துவிட முடியாது.

கேள்வி: எம்.இ.யூ., எம்.இ.பி., எம்.இ.எஃப். என்று மூன்று பெயர் வருகிறது. ஒன்றுக்குள் ஒன்றா?

மரைன் எக்ஸ்பெடிஷனரி யூனிட், பிரிகேட், ஃபோர்ஸ்: மூன்றும் வெளியே அனுப்பும் படைத் தொகுதிகள். மூன்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான், உயரம்தான் வேறு. எந்த அளவில் எடுத்தாலும் உள்ளே நான்கு உறுப்புகள் இருக்கும்: தலைமை, தரைப்போர், விமானம், தளவாடம். நான்கும் ஒரே தளபதியின் கையில். தரைப்படைக்கு விமானம் வேண்டுமென்றால் வேறொரு படையிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. இந்த அமைப்பையே ‘மேக்டாஃப்’ (மரைன் வான்-தரைப் பணிக்குழு) என்கிறார்கள்.

சிறியது எம்.இ.யூ. சுமார் 2,200 பேர், தளபதி ஒரு கர்னல், கையில் 15 நாள் சரக்கு. நடுவில் எம்.இ.பி., பிரிகேடியர் ஜெனரல் தலைமை, 30 நாள் சரக்கு. பெரியது எம்.இ.எஃப்., லெப்டினன்ட் ஜெனரல் தலைமை, 60 நாள் சரக்கு. எம்.இ.எஃப். மொத்தம் மூன்று: ஒன்றாவது கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டனில், இரண்டாவது வட கரோலினாவின் கேம்ப் லெஜூனில், மூன்றாவது ஜப்பானின் ஒகினாவாவில். எம்.இ.யூ. ஏழு. 11, 13, 15 மேற்குக் கரையிலும் 22, 24, 26 கிழக்குக் கரையிலும் இருக்கின்றன. 31-ஆவது மட்டும் நிரந்தரமாக ஒகினாவாவில்.

கேள்வி: அந்த 2,200 பேரும் எப்போதும் ஒன்றாகவே இருப்பவர்களா?

இல்லை. எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். எம்.இ.யூ.வில் நிரந்தரமாக இருப்பது தலைமையகம் மட்டும், ஏறக்குறைய 200 பேர். மற்ற மூன்று உறுப்புகளும் பயணத்துக்கு முன் வேறு வேறு அமைப்புகளிலிருந்து வந்து ஒட்டுபவை.

தரைப் பகுதிக்கு ஒரு காலாட்படை பட்டாலியன் வரும். அதோடு 155 மி.மீ. பீரங்கிப் பேட்டரி, பொறியாளர்கள், உளவுப் பிரிவு, இலகு கவச வாகனங்கள், கடலிலும் தரையிலும் ஓடும் கவச வாகனங்கள் எல்லாம் சேர்ந்தால் சுமார் 1,200 பேர். விமானப் பகுதி சுமார் 500 பேர். ஹெலிகாப்டர் போல எழும்பி விமானம் போலப் பறக்கும் ஆஸ்ப்ரேக்களின் ஸ்குவாட்ரன் ஒன்றை அடிப்படையாக வைத்து, அதோடு சி.எச்.-53 கனரக ஹெலிகாப்டர், ஏ.எச்.-1 தாக்குதல் ஹெலிகாப்டர், யூ.எச்.-1 பொதுப்பயன் ஹெலிகாப்டர், செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி போர் விமானம் என்று கொஞ்சம் கொஞ்சம் சேர்ப்பார்கள். தளவாடப் பகுதி சுமார் 300 பேர்: தண்ணீர் சுத்திகரிப்பு, எரிபொருள், வாகனப் பழுது.

இந்த ஒட்டுவேலை சரியாக நடந்ததா என்பதுதான் ‘தயார்நிலை’ என்ற சொல்லின் பாதி. ஒரு பிரிவு தாமதமாக வந்து ஒட்டினால் அதன் பயிற்சியும் அதன் வாகனங்களின் நிலையும் யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடும். 2020-இல் கவச வாகனம் ஒன்று கடலில் மூழ்கியபோது அதுதான் நடந்தது. கீழே சொல்கிறேன்.

கேள்வி: எம்.இ.யூ.வைச் சுமக்க ஏன் எப்போதும் மூன்று கப்பல்? பெரிய கப்பல் ஒன்றே போதாதா?

வேலை மூன்று. வாஸ்ப் வகைப் பெரிய கப்பல், சுமார் 257 மீட்டர் நீளம், விமானங்களின் வீடு. சான் அன்டோனியோ வகை அடுத்தது. கொஞ்சம் விமானம், கொஞ்சம் படகு, நிறைய மருத்துவ வசதி, தனியே பிரிந்துபோய் ஒரு வேலையை முடிக்கவும் முடியும். மூன்றாவது, படகுகளையும் கனரகச் சரக்கையும் சுமக்கும் டாக் கப்பல். அதில் விட்பி ஐலண்ட் வகையில் 4 ஹோவர்கிராஃப்ட் (காற்றுமெத்தையில் மிதந்து ஓடும் படகு) ஏறும். வாஸ்ப்பில் 3, சான் அன்டோனியோவில் 2.

கணக்கைப் பாருங்கள். மூன்றாவது கப்பல் பழுதாகி நின்றால் போவது மூன்றில் ஒரு பங்கு ஆள் அல்ல, கரைக்குச் சரக்கு இறக்கும் வழியில் ஏறக்குறைய பாதி. ‘அமெரிக்கா’ என்ற புதிய வகைப் பெரிய கப்பல்களில் முதல் இரண்டில் விமானத்துக்கு இடம் வேண்டும் என்று பின்பக்கப் படகுக்கிடங்கையே எடுத்துவிட்டார்கள். என் பார்வையில் அது தவறு. அவர்களே உணர்ந்து மூன்றாவது கப்பலான பூகன்வில்லில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

கேள்வி: ஹோவர்கிராஃப்ட், எல்.சி.யூ. இரண்டில் எது உசத்தி அண்ணா?

சண்டை மூட்டிவிடுகிறீர்கள். எல்.சி.ஏ.சி. ஹோவர்கிராஃப்ட் 60 டன் தூக்கி மணிக்கு 40 கடல்மைலுக்கு மேல் போகும், கரை ஏறி மணலைத் தாண்டி உள்ளே போய் இறக்கும். உலகக் கடற்கரைகளில் 70 சதவீதத்துக்கு மேல் அதற்குத் திறந்திருக்கிறது. சாதாரணத் தரையிறங்கு படகுக்கு 15 சதவீதம்தான். ஆனால் நான்கு கேஸ் டர்பைன், ரப்பர் பாவாடை, உப்புத்தண்ணீர், மணல்: பழுதுக்குக் கேட்க வேண்டுமா? எல்.சி.யூ. என்ற சாதாரணத் தரையிறங்கு படகு ஆமை, மணிக்கு 11 கடல்மைல் வேகம். ஆனால் 125 டன் தூக்கும், ஆட்கள் உள்ளேயே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு நாள்கணக்கில் ஓட்டுவார்கள். முதல் அலைக்கு ஹோவர்கிராஃப்ட், பத்தாவது நாள் சரக்குக்கு எல்.சி.யூ.

ஒன்றைக் கவனியுங்கள். எல்.சி.யூ.வை வெளியே விடக் கப்பல் தன் வயிற்றில் தண்ணீர் நிரப்பிப் பின்பக்கத்தைத் தாழ்த்த வேண்டும். ஹோவர்கிராஃப்டுக்கு அது தேவையில்லை, உலர்ந்த தளத்திலிருந்தே கிளம்பும். மூடிய கிடங்குக்குள் அது விசிறியைப் போட்டதும் தண்ணீர்த் திவலையும் இரைச்சலும் சேர்ந்து பேச்சு ஒன்றும் கேட்காது; சைகைதான்.

கேள்வி: கப்பலில் ஏற்றும்போது என்ன தப்பு நடக்கும்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

சரக்குக் கப்பலில் இடம் மிச்சம் பிடிப்பதுதான் திறமை. இங்கே அது தவறு. இங்கே ஏற்றும் விதி, ‘கரையில் முதலில் தேவைப்படுவது கப்பலில் கடைசியில் ஏறும்’. இடம் வீணானாலும் பரவாயில்லை. யார் எந்த வரிசையில் இறங்குவார்கள் என்று தரையிறங்கும் திட்டம் முதலில் முடிவாகும். அதைத் தலைகீழாகப் படித்தால் ஏற்றும் திட்டம்.

தப்பு பெரும்பாலும் கடைசி வாரத்தில் வரும். யாரோ ஒரு டிரெய்லரைச் சேர்ப்பார்கள், அல்லது ஜீப்பின் மேல் ஆன்டெனா மாட்டி உயரத்தைக் கூட்டியிருப்பார்கள். திட்டத்தில் இருக்கும் நீள அகல உயரமும் எடையும் பழைய எண்கள். சாய்தளத்தில் உயரம் இடித்து ஒரு வண்டி நின்றால் பின்னால் வரிசையே நிற்கும். அதனால் வண்டியை உண்மையான சுமையோடு எடைமேடையில் ஏற்றி, அளந்து, ஈர்ப்பு மையத்தைப் பக்கவாட்டில் குறித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். எரிபொருள் தொட்டியை முழுக்க நிரப்பக் கூடாது, விரிவடைய இடம் வேண்டும். ஒவ்வொரு வண்டியையும் தளத்தில் சங்கிலி போட்டு இறுக்க வேண்டும். கடல் ஆடியதும் சங்கிலி தளரும், திரும்பத் திரும்ப இறுக்க வேண்டும். வெடிபொருளைத் தனியாக, ஒன்றுக்கொன்று ஒவ்வாதவற்றைப் பிரித்து வைக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரே பொருளை ஒரே கப்பலில் குவிக்கக் கூடாது. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி அத்தனையும் ஒரு கப்பலில் இருந்து, அந்தக் கப்பலை வேறு கடலுக்கு அனுப்பிவிட்டால், மீதி இரண்டு கப்பல் ஆட்களுக்குக் கரையில் தண்ணீர் கிடையாது.

கேள்வி: 15 நாள் சரக்கு முடிந்ததும்?

அதற்குள் துறைமுகமோ விமானதளமோ கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடலிலேயே சரக்குக் கப்பல் வந்து ஈடுகட்ட வேண்டும். பெரிய படை வருவதானால், முன்கூட்டியே தளவாடம் ஏற்றி நிறுத்திய கப்பல்கள் இந்தியப் பெருங்கடலின் டியேகோ கார்சியா தீவிலும் பசிபிக்கின் குவாம்-சைபான் தீவுகள் பக்கத்திலும் இருக்கின்றன. ஆட்கள் விமானத்தில் வந்து, கப்பலிலிருந்து வண்டியை எடுத்துக்கொள்வார்கள். நார்வேயில் மலைக்குகைகளுக்குள்ளும் ஒரு கிடங்கு உண்டு. ஆனால் முன்னிருப்புக் கப்பல் சண்டை நடக்கும் கரையில் இறக்காது. பத்திரமான துறைமுகம் வேண்டும். எம்.இ.யூ. முதலில் போவது பல சமயம் அந்தத் துறைமுகத்தைப் பிடிக்கத்தான்.

கேள்வி: ஆறு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள் என்பது விளம்பரமா, உண்மையா?

உண்மை, ஆனால் பாதிதான் சொல்கிறார்கள். உத்தரவு வந்ததிலிருந்து முதல் ஆள் கப்பலை விட்டுக் கிளம்பும் வரை 6 மணி நேரம் என்பது இலக்கு. அதற்குள் பணியை அலச வேண்டும், இரண்டு மூன்று வழிகளை வரைய வேண்டும், தளபதி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், விவரத் திட்டம் போட வேண்டும், எல்லோரையும் உட்கார வைத்து ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இது எப்படி முடிகிறது என்றால், புதிதாக யோசிக்க அதிகம் மிச்சம் வைப்பதில்லை. தூதரகத்திலிருந்து மக்களை வெளியேற்றுவது, விழுந்த விமானியை மீட்பது, கப்பலில் ஏறிச் சோதனை போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் யார், எத்தனை பேர், எந்த ஹெலிகாப்டர், எந்த அலைவரிசை என்பதெல்லாம் ஊரிலேயே எழுதிப் பழகியது. சுமார் 6 மாதப் பயிற்சி அதற்குத்தான்: முதலில் தரையில், பிறகு கப்பலோடு, கடைசியில் வெளியாட்கள் மதிப்பெண் போடும் தேர்வு.

நல்ல உதாரணம் 1991 ஜனவரி, சோமாலியாவின் மொகடிஷு. இரண்டு சி.எச்.-53இ ஹெலிகாப்டர்கள் 466 கடல்மைல் தொலைவிலிருந்தே இரவில் கிளம்பி, வானிலேயே எரிபொருள் நிரப்பி, சுமார் 60 வீரர்களை அமெரிக்கத் தூதரகத்தில் இறக்கின. கடைசியில் 281 பேர் வெளியேற்றப்பட்டார்கள். கப்பல் பக்கத்தில் வரும் வரை காத்திருக்க நேரம் இல்லை.

கேள்வி: 2020-இல் கவச வாகனம் மூழ்கியது பற்றி மேலே சொன்னீர்களே?

ஜூலை 30, கலிஃபோர்னியாவின் சான் கிளெமென்டே தீவருகே. 15-ஆவது எம்.இ.யூ.வின் ஏ.ஏ.வி. (கடலிலும் தரையிலும் ஓடும் கவச வாகனம்) ஒன்று தீவிலிருந்து கப்பலுக்குத் திரும்பும் வழியில் மூழ்கியது. 16 பேரில் 8 மரைன்களும் ஒரு கடற்படை வீரரும் இறந்தார்கள். அந்த வகை வண்டி 1970-களின் தொடக்கத்தில் சேவைக்கு வந்தது.

காரணம் ஒன்றல்ல, சங்கிலி. வண்டியே மோசமான நிலையில்தான் ஒப்படைக்கப்பட்டது. அடைப்பு ரப்பர்கள் கசிந்தன. டிரான்ஸ்மிஷன் எண்ணெய் ஒழுகி அது செயலிழக்க, தண்ணீர் உள்ளே வந்த வேகத்துக்கு வெளியேற்றம் ஈடு கொடுக்கவில்லை. கணுக்கால் அளவு தண்ணீர் வந்ததுமே ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது விதி, உத்தரவு தாமதமானது. அருகில் பாதுகாப்புப் படகு இல்லை. உள்ளே இருந்தவர்கள் பலருக்கு நீருக்குள்ளிருந்து தப்பும் பயிற்சி முழுமையாக இல்லை. கடைசியில் மேல்மூடி திறந்த நேரத்தில் அலை உள்ளே புகுந்தது.

இவற்றில் எந்த ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் உயிர்கள் தப்பியிருக்கும். 2021 டிசம்பரில் அந்த வகை வண்டிகளைத் தண்ணீரில் இறக்குவதையே நிறுத்திவிட்டார்கள். இப்போது எட்டுச் சக்கர ஏ.சி.வி. அந்த இடத்தில்.

கேள்வி: தயார்நிலைக்கு மார்க் போடுகிறார்களாமே?

ஆமாம், சி-1 முதல் சி-4 வரை. ஆள், கைவசக் கருவி, கருவியின் நிலை, பயிற்சி என்று நான்கு பாடம். மொத்த மார்க் சராசரி அல்ல; நான்கில் எது மோசமோ அதுதான் பிரிவின் மார்க். மூன்றில் முதல் வகுப்பு வாங்கி ஒன்றில் தவறினாலும் தவறியதுதான். தளபதி தன் கணிப்பில் ஏற்றி இறக்கலாம். ஆபத்து அந்தச் சலுகையில்தான் இருக்கிறது.

கேள்வி: டாங்கிகளை எல்லாம் கொடுத்துவிட்டார்களே, இனி எப்படிச் சண்டை போடுவார்கள்?

2020-இல் அப்போதைய தளபதி டேவிட் பெர்கர் எடுத்த முடிவு. டாங்கி முழுக்கப் போனது, இழுவைப் பீரங்கி குறைந்தது. அந்தப் பணம் ஏவுகணைக்கும் ஆளில்லா விமானத்துக்கும் போனது. 2022-இல் ஹவாயில் 3-ஆவது கடலோர ரெஜிமென்ட், 2023-இல் ஒகினாவாவில் 12-ஆவது. சிறு குழுக்கள் தீவுகளில் பரவி, ஓட்டுநர் இல்லாத வண்டியிலிருந்து கப்பல் எதிர்ப்பு ஏவுகணை விடும். ஏவுகணை 185 கி.மீ.க்குக் குறையாமல் பாயும், ஒரு வண்டிக்கு இரண்டு.

யோசனை சரி. ஆனால் தீவுக்குத் தீவு இவர்களை நகர்த்தச் சிறிய தரையிறங்கு கப்பல் வேண்டும். 35 கேட்டார்கள், ஏவுகணை வந்து சேர்ந்த பிறகும் கப்பல் வந்து சேரவில்லை. அதுவரை இவர்கள் தீவில் போய் உட்காரலாம், எழுந்து நகர்வதுதான் கஷ்டம்.

கேள்வி: மருத்துவர்கள் யார்?

கடற்படை. மரைன் படைக்குச் சொந்த மருத்துவரும் இல்லை, மதகுருவும் இல்லை.

கேள்வி: செய்தியைப் பார்த்து நிலைமையை எடைபோட ஏதாவது வழி சொல்லுங்கள் சார்.

ஆள் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், கப்பலைப் பாருங்கள். தரையிறங்கு போர்க்கப்பல் 31-க்குக் குறையக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் 2024 மார்ச் நிலவரப்படி அவற்றில் பாதி மோசமான நிலையில் இருப்பதாக அமெரிக்க அரசுத் தணிக்கை அமைப்பே சொன்னது. அதே ஆண்டு ஏப்ரலில் பாக்ஸர் என்ற தரையிறங்கு கப்பல் பயணம் கிளம்பிப் பத்தே நாளில் சுக்கான் பழுதால் சான் டியேகோ திரும்பியது.

2023 ஏப்ரலில் சூடானில் சண்டை மூண்டபோது அருகில் எம்.இ.யூ. ஏறிய கப்பல் இல்லை. கார்ட்டூம் தூதரக ஊழியர்களை ராணுவத்தின் சினூக் ஹெலிகாப்டர்கள் ஜிபூட்டியிலிருந்து வந்து ஏற்றிச் சென்றன. சாதாரண அமெரிக்கக் குடிமக்கள் பேருந்தில் போர்ட் சூடானுக்குப் போக வேண்டியதாயிற்று.

ஆகவே மூன்றைக் கவனியுங்கள். மூன்று கப்பலும் சேர்ந்து கிளம்பினவா, ஒன்று பின்தங்கியதா? பயணம் 7 மாதத்தைத் தாண்டி நீட்டிக்கப்பட்டதா? நீட்டினால் பராமரிப்பு தள்ளிப்போகும், அடுத்த குழுவின் பயிற்சி சுருங்கும். ஆஸ்ப்ரேக்கள் பறக்கின்றனவா? 2023 நவம்பரில் ஜப்பான் கடற்கரையருகே விமானப்படையின் ஆஸ்ப்ரே விழுந்து 8 பேர் இறந்ததும் எல்லாப் படைகளும் மூன்று மாதம் நிறுத்திவைத்தன. மீண்டும் பறக்க விட்டபோதும், மாற்று விமானதளத்திலிருந்து 30 நிமிடத் தொலைவுக்குள் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. நிலத்தில் இருப்பவருக்கு அது சிறு தொல்லை. நடுக்கடலில் இருக்கும் எம்.இ.யூ.வுக்கு, கப்பலைக் கரைக்குப் பக்கத்தில் கொண்டுபோயே ஆக வேண்டும் என்று பொருள்.