செலினியத்துக்கு லைசென்ஸ் கட்டணமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, டெஸ்டிங் வேலைக்குத் தயாராகிறேன். என் லேப்டாப்பில் பைத்தான் நிரல்மொழிக்கான செலினியம் (இணையதளங்களைத் தானாகச் சோதிக்க உதவும் மென்பொருள்) போட்டுத்தர, காட்பாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் லைசென்ஸோடு சேர்த்து 3,500 ரூபாய் கேட்கிறார்கள். அப்பா தறி ஓட்டுகிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம்மா. செலினியத்துக்கு லைசென்ஸ் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. 2004-இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் அது. அப்பாச்சி உரிமத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பைத்தானும் அப்படித்தான்.

நீங்களே போட்டுவிடலாம். பைத்தானின் அதிகாரபூர்வத் தளத்தில் இன்ஸ்டாலரை இறக்கித் திறந்தால், முதல் திரையின் அடியில் 'பாத்' என்ற சொல்லோடு ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்துவிட்டு மேலே போங்கள். அதை விட்டுவிட்டால், பைத்தானுக்கான துணை மென்பொருள்களை இறக்கித்தரும் 'பிப்' கட்டளை தெரியவில்லை என்று விண்டோஸ் சொல்லும். பாதிப் பேர் கடைக்கு ஓடுவது இதற்காகத்தான். அப்புறம் விண்டோஸில் கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் 'பிப் இன்ஸ்டால் செலினியம்' என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் போதும். எழுத்தைச் சரிபாருங்கள்: எஸ், இ, எல், இ, என், ஐ, யு, எம். பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, கெட்ட நிரலை ஏற்றி வைப்பவர்களும் உண்டு.

'குரோம் டிரைவர் தனியாகப் போட வேண்டும், அப்டேட் ஆகும்போதெல்லாம் கொண்டு வா' என்றும் சொல்வார்கள். செலினியம் குரோமை இயக்க இடையில் நிற்கும் சின்ன நிரல்தான் இந்த டிரைவர். ஒரு காலத்தில் அது உண்மை. குரோம் மாறியதும் பழைய டிரைவர் மக்கர் பண்ணும். 2022-இல் வந்த 4.6 பதிப்பிலிருந்து செலினியமே உங்கள் குரோமுக்குப் பொருந்தும் டிரைவரைத் தேடி இறக்கிக்கொள்கிறது. முதல் தடவை நெட் இருந்தால் சரி. நாலு வரி நிரல் எழுதி ஓட்டிப் பாருங்கள். குரோம் தானாகத் திறந்து, முகவரிப் பட்டைக்குக் கீழே 'தானியங்கிச் சோதனை மென்பொருள் இதை இயக்குகிறது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அது வந்துவிட்டால் எல்லாம் சரியாக அமர்ந்துவிட்டது.

போட்டுத்தரும் உழைப்புக்கு ஒருவர் கூலி கேட்பது தப்பில்லை. இலவசப் பொருளுக்கு லைசென்ஸ் என்று பெயர் வைத்து வாங்குவதுதான் ஏமாற்று. ஒரு மாதம் உட்கார வைத்துச் சொல்லித்தந்தால் கொடுங்கள், பில்லில் 'பயிற்சி' என்று எழுதச் சொல்லுங்கள். பாடம் எந்தப் பதிப்பில் என்பதையும் கேளுங்கள். 'பைண்ட் எலிமெண்ட் பை ஐடி' என்ற பழைய கட்டளையையே இன்னும் நடத்தினால் அங்கே சேராதீர்கள். 4.3 பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள்.

முன்பணம் ஏதும் கொடுத்துவிட்டீர்களா? ரசீதையும் பேசிய வாட்ஸ்அப்பையும் வைத்துக்கொண்டு திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை.