மூன்றாவது முறையும் நீட் எழுதட்டுமா?

வணக்கம் மேடம்,

நாங்கள் கரூர். நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். கணவர் ஒரு ஜவுளிக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். மூத்தவன் பையன், 19 நடக்கிறது. சின்னவள் இந்த வருடம் பத்தாவது.

பையன் பிளஸ் டூவில் 600க்கு 561. சின்ன வயதிலிருந்தே டாக்டர் ஆகணும் என்பான். முதல் தடவை நீட்டில் 720க்கு 298 வந்தது. கிராஷ் கோர்ஸ் மட்டும்தான் போயிருந்தான், அதனால் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் நாமக்கல் பக்கம் ஒரு சென்டரில் ஹாஸ்டலோடு ரிப்பீட்டர் பேட்ச் சேர்த்தோம். என் தாலிக்கொடி தவிர மற்ற நகை எல்லாம் இப்போது அடகில் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழுப்பி இரவு பதினொன்று வரை உட்கார வைப்பார்கள். வாரம் ஒரு டெஸ்ட், மறுநாள் ரேங்க் நோட்டீஸ் போர்டில். ஞாயிறு சாயங்காலம் பத்து நிமிடம் போனில் பேசலாம். எப்போது கேட்டாலும் "நல்லா போகுதும்மா" என்றுதான் சொல்வான். இங்கே வீட்டில் அவன் லீவுக்கு வந்தால் தொந்தரவாக இருக்கும் என்று கேபிள் கனெக்‌ஷனையே எடுத்துவிட்டோம்.

இந்த மே மாதம் மறுபடி எழுதினான். ஆன்சர் கீ வந்த அன்றைக்கு அவனே கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதி டிவி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். உயிரியல் 268, வேதியியல் 95, இயற்பியல் 49. மொத்தம் 412. இயற்பியலுக்குப் பக்கத்தில் "17 சரி, 19 தப்பு, 9 விட்டது" என்று சின்னதாக எழுதியிருந்தான். ரிசல்ட்டிலும் அதே 412தான். அரசு எம்பிபிஎஸ் கிடைக்க வாய்ப்பில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

இப்போது பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறான். இரவெல்லாம் போன். கிரிக்கெட் என்றால் உயிரை விடுவான், கிரவுண்டு பக்கமே போவதில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. அவன் அப்பா நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார், எதுவானாலும் "அவனைக் கேளு" என்று என்னிடம் சொல்வார். ஒருநாள் கோபத்தில் "ரெண்டு லட்சம் தண்ணியில போட்ட மாதிரி" என்று சொல்லிவிட்டார். பையன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அப்படியே கை கழுவிவிட்டான்.

400க்கு மேல் எடுத்தவர்களுக்கு ஃபீஸில் சலுகை, இந்த மாதமே சேர்ந்தால்தான் என்று சென்டரிலிருந்து போன் மேல் போன். அவனைக் கேட்டால் "நீங்க என்ன சொல்றீங்களோ அதைச் செய்றேன்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.

இன்னொரு வருடம் எழுத வைக்கலாமா? அங்கேயே சேர்க்கவா, வீட்டிலிருந்து படிக்கட்டுமா? அவனை எப்படித் தேற்றுவது?

ஒரு தாய், கரூர்

*

அன்புள்ள சகோதரி,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எதற்கும் பதில் சொல்ல முடியாமல் நான் நின்ற இடம், உங்கள் மகன் சொன்ன அந்த ஒரு வரி. அது சம்மதம் இல்லை. "இதுவும் தோற்றால் பழி என் மேல் மட்டும் வரக்கூடாது" என்று களைத்துப்போன ஒரு பையன் சொல்வது அது. அந்த வரியை நம்பிப் பணம் கட்டினால், அடுத்த மே மாதமும் உங்களுக்காகவே எழுதிவிட்டு வருவான்.

நீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், வயது உச்சவரம்பும் கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதனாலேயே "போதும்" என்று சொல்கிற வேலை முழுவதும் வீட்டின் தலையில் விழுந்துவிடுகிறது. எனவே முடிவை உடனே எடுக்காதீர்கள். சென்டர்காரர்களிடம் "இரண்டு வாரம் கழித்துச் சொல்கிறோம்" என்று சொல்லிவிட்டு போனை வையுங்கள். தேர்வு அடுத்த மே மாதம்தான், அதற்குள் குடி ஒன்றும் முழுகிவிடாது. சலுகை போனால் போகட்டும்.

முதலில் அவன் உடம்பும் மனசும். ஒரு வருடம் முழுக்க ஐந்து மணிக்கு எழுந்தவன் இப்போது பத்து மணி வரை தூங்குவதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. இந்த வயதுக்கு ஏழெட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும், அவனுக்கு அங்கே ஆறுகூடக் கிடைத்திருக்காது. என்னைக் கவலைப்பட வைப்பது கிரிக்கெட்தான். உயிராக இருந்த ஒன்று அடியோடு பிடிக்காமல் போவது, சாப்பாடு குறைவது, யாரையும் பார்க்க மறுப்பது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை மனச்சோர்வாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். "சோம்பேறித்தனம்" என்று திட்டுவதால் அது சரியாகாது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார், செலவில்லை.

இன்னொன்று, தயங்காமல் செய்ய வேண்டியது. தனியாக இருக்கும்போது அவனிடம் நேராகக் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதாப்பா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். "ஆமா" என்று சொன்னாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, அவனைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்), 104 (தமிழக அரசின் மருத்துவ உதவி எண்), இரண்டும் இலவச எண்கள். எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

இந்தப் பக்கம் பயம் இல்லை என்று தெரிந்த பிறகு, நான் நீட் பேச்சை ஆரம்பிக்கச் சொல்வது அந்தத் தாளிலிருந்து. டிவி மேல் வைத்துவிட்டுப் போனானே, அது. எனக்கு அதைப் படித்தபோது இந்தப் பையன் இன்னும் கைவிடவில்லை என்று பட்டது. தோற்றதை மட்டும் சொல்ல நினைப்பவன் "412" என்று எழுதி வைத்திருப்பான். இவன் எத்தனை சரி, எத்தனை தப்பு, எத்தனை விட்டது என்று பிரித்து எழுதியிருக்கிறான். அதை யாராவது அவனோடு உட்கார்ந்து பார்த்தீர்களா?

உயிரியலில் 360க்கு 268 எடுப்பவன் படிக்காதவன் இல்லை. ஓட்டை இயற்பியலில் இருக்கிறது, 180க்கு 49. ரவிக்கை பிடிக்கிறது என்று ஒரு பெண் வந்து நின்றால் அக்குளிலா, முதுகிலா என்று பார்த்து அந்த இடத்தை மட்டும்தானே பிரிப்பீர்கள்? மொத்தத்தையும் பிரித்து முதலிலிருந்து தைக்க மாட்டீர்களே. ரிப்பீட்டர் பேட்ச் பெரும்பாலும் மொத்தத்தையும் பிரிக்கிறது. முதல் பாடத்திலிருந்து எல்லாருக்கும் ஒரே பாடம்.

தேர்வு முடிந்ததும் வினாத்தாள் புத்தகத்தை மாணவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். உங்கள் வீட்டிலும் எங்காவது இருக்கும். அதில் அவன் பேனாவால் போட்ட ரஃப் ஒர்க் அப்படியே இருக்கும். அந்த 19 தப்பையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவனையே எழுதச் சொல்லுங்கள்: பாடமே புரியாததா, வழி தெரிந்தும் கணக்கில் சறுக்கியதா, நேரம் போய்விட்டது என்று குருட்டாம்போக்கில் அடித்ததா? உங்களுக்கு இயற்பியல் தெரிய வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும். சரியான விடைக்கு 4, தப்புக்கு மைனஸ் 1 என்பதால், வழி தெரிந்தும் சறுக்கிய ஒவ்வொரு கேள்வியும் 5 மதிப்பெண் வித்தியாசம். அப்படி ஏழெட்டு இருந்தால் அது பயிற்சியில் சரியாகக்கூடியது. பெரும்பாலானவை "பாடமே புரியல" என்று வந்தால் விஷயம் வேறு. பதினொன்றாம் வகுப்பு இயக்கவியலிலிருந்து திரும்பக் கட்ட வேண்டும், அதற்கு அவனுக்கு மனசு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விட்ட 9ஐயும் இதே மாதிரி பாருங்கள். வேதியியலும் 95தான், அதற்கு இன்னொரு நாள்.

ஒரு வருடம் முழுக்கப் படித்தும் ஏன் இயற்பியல் ஏறவில்லை? இரண்டாம் முறை படிப்பவர்களுக்கென்றே ஒரு வலை இருக்கிறது. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஏற்கெனவே பார்த்த பக்கம். தீர்த்து வைத்த கணக்கைப் படிக்கும்போது "ஆமா, இது தெரியும்" என்று மண்டை சொல்லும். ஆனால் பார்த்ததும் தெரிவது வேறு, வெறும் தாளில் தானாகப் போடுவது வேறு. தேர்வில் கேட்பது இரண்டாவதை. அதனால் புத்தகத்தை மூடிவிட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும், தப்பியதை மூன்று நாள் கழித்து மறுபடி, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது நெடுநாள் நிற்கிறது என்பது மனவியலில் பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம். இப்படிப் படித்தால் மெதுவாகப் போகும், எரிச்சல் வரும், ஒரு நாளில் முடித்த பக்கங்களின் எண்ணிக்கை குறையும். இரவு பதினொரு மணிக்குக் கண் சொக்க உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை இது.

ஆகவே, எழுதுவதானால் அதே ஹாஸ்டல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அந்த ஊரையோ அந்தச் சென்டரையோ குறை சொல்லவில்லை, அங்கே தேறி வருகிற பிள்ளைகளும் உண்டு. இவனுக்கு அது பொருந்தவில்லை. வாரம் பத்து நிமிடம் போனில் "நல்லா போகுதும்மா" என்று மட்டும் சொல்ல வைக்கிற இடத்தில், எது போகவில்லை என்று யாருக்கும் தெரியாமலே வருடம் ஓடிவிட்டது. வீட்டிலிருந்தே படிக்கட்டும். இயற்பியலுக்கு மட்டும், நாலைந்து பேருக்கு மேல் எடுக்காத ஆசிரியர் ஒருவரைக் கரூரிலேயே பாருங்கள். மாக் டெஸ்ட்டை வீட்டில் மதியம் 2 மணிக்கு ஆரம்பித்து 5 மணிக்கு முடிக்கட்டும், உண்மைத் தேர்வு அந்த நேரத்தில்தான். 180 கேள்வி, 180 நிமிடம், ஓஎம்ஆர் தாளில் கறுப்பு பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் நிரப்புவது வரை சேர்த்துத்தான் அந்த மூன்று மணி நேரம். செப்டம்பர் கடைசியில் ஒருமுறை, டிசம்பர் கடைசியில் ஒருமுறை நின்று பாருங்கள். இயற்பியல் எண்ணிக்கை எவ்வளவு ஏறியிருந்தால் தொடர்வது, ஏறாவிட்டால் என்ன என்பதை இப்போதே, மனசு நிதானமாக இருக்கும்போதே, அவன் கையால் எழுதி வைக்கட்டும். மூன்றாவது முறைக்கு அப்புறம் நான்காவது கிடையாது என்பதையும் அதிலேயே.

கேபிளைத் திரும்பக் கட்டுங்கள். சின்னவள் பத்தாவது, அவளுக்கும் அது வீடுதான். வீடே மூச்சுப் பிடித்து நிற்கிறது என்பது படிக்கிறவனுக்கு உதவியாகத் தெரியாது, பாரமாகத்தான் தெரியும்.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எப்போது திருப்புவோம் என்பதைப் பையனிடம் கணக்காக, ஒரே ஒரு முறை உட்கார்ந்து சொல்லட்டும். 19 வயது, தெரிந்துகொள்ளலாம். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொல்லிக்காட்டுவதுதான் ஆகாது. அவரும் பயத்தில்தான் பேசாமல் இருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆண்கள் பலர் பயத்தைக் கோபமாகத்தான் காட்டுவார்கள். நீட் பேசாமல், டூவீலரில் பின்னால் உட்கார வைத்து ஒரு டீக்கடை வரை கூட்டிப்போய் வந்தால் போதும், ஆரம்பத்துக்கு. "என்ன, சீட் கிடைச்சுதா?" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது இனி உங்கள் இருவர் வேலை. "அவன் பார்த்துக்கிட்டு இருக்கான், சொல்றோம்" என்று பேச்சை மாற்றிவிடுங்கள்.

அவன் வேண்டாம் என்று சொல்லவும் நிஜமாகவே இடம் இருக்க வேண்டும். "வேண்டாம்னா சொல்லு" என்று கேட்டுவிட்டு வேறு வழியே காட்டாவிட்டால் அவன் எப்படிச் சொல்வான்? 412 வைத்துக்கொண்டு சித்தா, ஆயுர்வேதம், பல் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம். சித்தாவுக்குப் பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. கால்நடை மருத்துவமும் வேளாண்மையும் நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து, 561 அங்கே மதிப்புள்ள எண்தான். விண்ணப்பம் போட்டால் மருத்துவக் கனவைக் கைவிட்டதாக அர்த்தம் இல்லை என்பதை முதலிலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள். கிடைத்தாலும் சேர்வதா வேண்டாமா என்பது அவன் முடிவு.

இந்த விண்ணப்பங்களுக்கு மட்டும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடைசித் தேதி உண்டு, முந்தைய ஆண்டு பிளஸ் டூ முடித்தவர்களுக்கு வயது, சான்றிதழ் விதிகளும் இருக்கும். அறிவிக்கையை அவனோடு சேர்ந்து இந்த வாரமே படித்துப் பாருங்கள். சாதிச் சான்றிதழ், டிசி, மதிப்பெண் பட்டியல் அசல் எல்லாம் சென்டரில் கொடுத்திருந்தால் முதலில் அதைப் போய் வாங்கி வையுங்கள்.