டேனிஷ் பையன் பேருங்க: கேட்டதும் சொன்னதும்

டென்மார்க்ல ஆம்பளப் பசங்களுக்கு வெக்கிற பேர் பத்தி கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்ததுல முடிஞ்சதுக்கெல்லாம் பதில் இதோ.

கேள்வி: அக்கா, டென்மார்க் ராஜான்னாலே கிறிஸ்டியன், ஃப்ரெடரிக்னு ரெண்டே பேர்தானா?

1513ல ரெண்டாம் கிறிஸ்டியன் பட்டத்துக்கு வந்ததுல இருந்து அந்த ரெண்டு பேர்தான் மாறி மாறி வருது. 1972ல மார்கிரேத் ராணி ஆனாங்க, ஒரு கிறிஸ்டியன் வரவேண்டிய இடம் அது. 2024 ஜனவரில அவங்க பட்டத்தை விட்டுக்கொடுத்ததும் மகன் பத்தாம் ஃப்ரெடரிக் ஆனார், அவரோட மூத்த பையன் பேர் கிறிஸ்டியன்.

கேள்வி: ஹரால்ட்னா என்ன?

படை, ஆட்சி, இந்த ரெண்டு சொல்லும் சேர்ந்தது. போன்ல இருக்கிற ப்ளூடூத் சின்னம் ஹரால்ட் ப்ளூடூத்ங்கிற ராஜாவோட பேர் முதலெழுத்துங்க, ரூன்ங்கிற பழைய வடநாட்டு எழுத்துல, ரெண்டும் ஒண்ணா சேர்ந்தது.

கேள்வி: டோர்பென், எஸ்பென் ரெண்டுலயும் 'பென்' வருதே, பென்னா என்ன?

நல்ல கேள்வி, இத கேட்டதுக்கு சந்தோஷம். அது பியோர்ன், கரடி. பழைய நோர்ஸ்ல, அதாவது வைக்கிங் காலத்து மொழில, தோர்ங்கிற சாமி பேரும் கரடியும் சேர்ந்து தோர்பியோர்ன், தெய்வங்கிற அர்த்தத்துல 'ஆஸ்' சேர்ந்தா ஆஸ்பியோர்ன். நூத்துக்கணக்கான வருஷம் ஜனங்க வாயில உருண்டு உருண்டு பியோர்ன் தேய்ஞ்சு பென் ஆயிடுச்சு, அதான் டோர்பென், எஸ்பென். முழு வடிவத்துல ஆஸ்பியோர்ன்னு இன்னிக்கும் பேர் வெக்கிறாங்க, ஆக ஒரே பேர் தேய்ஞ்சும் தேயாமலும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுதான், பேரோட இன்னிக்கு சத்தத்த வெச்சு அர்த்தம் தேடாதீங்க, பழைய வடிவத்த தேடுங்க.

கேள்வி: ஜென்ஸ் அர்த்தம்?

யென்ஸ்னு சொல்லணும், ஜ இல்ல. யோஹான்னஸ்ல இருந்து வந்தது, மூலம் ஹீப்ரு, கடவுள் கருணை உள்ளவர்.

கேள்வி: ஹான்ஸ் அர்த்தம்?

மேல பாருங்க, அதே யோஹான்னஸ்தான்.

கேள்வி: சோரன்ங்கிற பேர் நம்ம சூரன்தானே? வீரன்னு அர்த்தம், வைக்கிங்குங்க இங்கிருந்து கொண்டுபோயிருப்பாங்க.

இல்லைங்க. அது லத்தீன் செவெரினுஸ், கண்டிப்பானவர்னு அர்த்தம் வர்ற செவெருஸ்ல இருந்து வந்தது.

அதே ஆள்: சத்தம் ஒண்ணா இருக்கே, எப்படி இல்லைன்னு சொல்றீங்க?

சத்தத்துலதான் பிரச்சனையே. அந்தப் பேர்ல முதல் உயிரெழுத்து தமிழ்ல கிடையாது, உதட்ட 'ஓ' சொல்ற மாதிரி குவிச்சுக்கிட்டு 'ஏ' சொல்லிப் பாருங்க, அதான் அது. தமிழ்ல எழுதும்போது வேற வழியில்லாம 'சோ' போடுறோம். சத்தம் ஒத்துப்போறதே ஆதாரம்னா தமிழ்ல சோரன்னா திருடன், அப்ப அதையும் ஒத்துக்கணும்ல? பேர் வந்த வழிய பாருங்க சார். கொலோன் நகரத்து பிஷப் புனித செவெரின், அக்டோபர் 23 அவர் நாள், அந்த கிறிஸ்தவ வழியாத்தான் பேர் டென்மார்க்குள்ள வந்துச்சு. ஜனங்க வாயில நடுவுல இருந்த 'வெ' கரைஞ்சு சோரன் ஆச்சு. பழைய சர்ச் பதிவேட்டுல பாதிரியார் செவெரின்னு எழுதியிருப்பார், ஊரு சோரன்னு கூப்பிட்டிருக்கும். யூட்லாந்துல காம்மெல் ரூய்னு ஒரு ஊர், அங்க புனித சோரன் சர்ச் இருக்கு, 1534ல மூணாம் கிறிஸ்டியன ராஜாவா தேர்ந்தெடுத்ததே அந்த சர்ச்லதான்.

இன்னொருத்தர்: அவர் தமிழ் பெருமைய சொல்றாரு, விடுங்களேன் அக்கா.

விட முடியாதுங்க. தமிழுக்கு இருக்கிற பெருமைக்கு இந்தப் பேர் தேவையில்ல. புள்ளைக்கு சோரன்னு வெச்சிட்டு அவன்கிட்ட வீரன்னு அர்த்தம்னு சொல்லி வளர்த்தா, ஒருநாள் அவன் கிளாஸ்ல வேற யாராவது திருத்துவாங்க. பேர் வெக்கிறவங்க சரியா தெரிஞ்சு வெக்கணும்.

கேள்வி: யென்சன், நீல்சன்ல 'சன்' மகன்தானே?

ஆமா. முன்னாடி யென்ஸ் மகன் நீல்ஸ்னா நீல்ஸ் யென்சன், அவன் மகன் பேடர்னா பேடர் நீல்சன், நம்ம இனிஷியல் மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை மாறும். 1828ல நிலையான குடும்பப் பேர் வேணும்னு அரசாணை வந்துச்சு, கிராமத்துல அது படிய ரொம்ப நாள் ஆச்சு.

கேள்வி: நாங்க டென்மார்க்லதான் இருக்கோம், பையனுக்கு இஷ்டப்பட்ட பேர் வெக்கலாமா?

அங்கீகரிச்ச பேர் லிஸ்ட் இருக்கு, அதுல இல்லைன்னா விண்ணப்பிச்சு அனுமதி வாங்கணும். குழந்தைக்கு ஆறு மாசம் ஆகுறதுக்குள்ள முடிச்சிடுங்க.

கேள்வி: ஜோஹான் அர்த்தம் சொல்லுங்க அக்கா.

யோஹான். யென்ஸ் பதில்ல இருக்கு.

கேள்வி: உல்ஃப்?

ஓநாய்.