20 வைத்தால் 23 வரை ஏறுகிறதா? தெர்மோஸ்டாட்டை மாற்றும் முன் பாய்லரைப் பாருங்கள்

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் கேஸ் காம்பி பாய்லர் (தொட்டி இல்லாமல் குழாய் வெந்நீரையும் ரேடியேட்டர் சூட்டையும் ஒன்றே தரும் வகை), ஏழு ரேடியேட்டர். தெர்மோஸ்டாட்டில் 20 வைத்தால் 23 வரை போய்விடுகிறது. வியர்த்துப்போய் ஜன்னலைத் திறக்கிறோம். அப்புறம் 18½க்கு இறங்கினால்தான் மறுபடி பாய்லர் எரிகிறது. மாமியாருக்கு மூட்டுவலி, குளிர் ஆகாது. ஒரு தடவை தெர்மோஸ்டாட்டை மாற்றியும் பார்த்தாயிற்று. இன்னும் விலை கூடியதாக ஒன்று வாங்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தெர்மோஸ்டாட் 20 ஆனதும் பாய்லரை அணைத்துவிடுகிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அணைக்கும் அந்த நேரத்தில் ஏழு ரேடியேட்டரிலும் 70, 75 டிகிரித் தண்ணீர் நிரம்பி நிற்கிறதே, அந்தச் சூடு எங்கே போகும்? வீட்டுக்குள்தான். அடுப்பை அணைத்த பிறகும் காய்ந்த இரும்புக் கல்லில் இன்னொரு தோசை வெந்துவிடும் இல்லையா, அதே கணக்கு.

ஒரு மாலை உட்கார்ந்து இதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சாதாரண வெப்பமானி ஒன்றைத் தெர்மோஸ்டாட் பக்கத்தில் வைத்து, பாய்லரில் தீ அணையும்போது எத்தனை டிகிரி, அதற்கப்புறம் எதுவரை ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தீ அணைந்த பிறகும் சில நிமிடம் பம்ப் ஓடும் சத்தம் கேட்கும், அது இயல்பு. 20-ல் அணைந்து அப்புறம் ஏறினால் காரணம் நான் சொன்னதுதான்.

அப்படியென்றால் முதலில் கை வைக்க வேண்டியது பாய்லரின் முகப்பில் இருக்கும் ரேடியேட்டர் படம் போட்ட குமிழ் அல்லது பட்டன். பொருத்திவிட்டுப் போனவர் பெரும்பாலும் 75, 80-ல் விட்டுப் போயிருப்பார், பிறகு யாரும் அதைத் தொடுவதே இல்லை. அதை 60க்குக் கொண்டுவாருங்கள், இரண்டு நாள் பார்த்துவிட்டு 55. ரேடியேட்டர் கை சுடும் அளவுக்கு இருக்காது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வீடு மெதுவாகச் சூடாகி ஒரே சீராக நிற்கும், மாமியாருக்கு வேண்டியதும் அதுதான். பணமும் மிச்சம், ஏனென்றால் கண்டென்சிங் பாய்லர்களில் திரும்பி வரும் தண்ணீர் 55க்குக் கீழே இருந்தால்தான் புகையோடு போகும் நீராவி குளிர்ந்து தன் சூட்டை உள்ளேயே விட்டுவிட்டுப் போகும். கடும் குளிர் நாளில் வீடு 20-ஐ எட்டவில்லையா, அதே குமிழில் 5 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். குழாய் படம் போட்ட குமிழைத் தொட வேண்டாம், அது குழாயில் வரும் வெந்நீருக்கு. (வெந்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் இப்படி 55க்கு இறக்கக் கூடாது, தொட்டித் தண்ணீர் 60-ல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லெஜியோனெல்லா கிருமி வளரும்.)

அடுத்தது தெர்மோஸ்டாட்டின் அமைப்பு. 18½ வரை இறங்கிய பிறகுதான் எரிகிறது என்றால், அது வெறும் ஆன்-ஆஃப் முறையில், அதுவும் அகலமான இடைவெளியோடு ஓடுகிறது. இன்றைய தெர்மோஸ்டாட்கள் பலவற்றில் டிபிஐ (TPI) என்றொரு முறை உண்டு, கையேட்டில் இன்ஸ்டாலர் அமைப்புகள் என்ற பகுதியில் தேடுங்கள். இதில் 20-ஐ நெருங்க நெருங்க பாய்லர் விட்டு விட்டு எரியும். மணிக்கு 6 சுற்று என்று வைத்தால் ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் முதலில் ஏழு நிமிடம், பிறகு நான்கு, பிறகு இரண்டு என்று குறைத்துக்கொண்டே வரும், ஆகவே 20-ஐத் தொடும்போது ரேடியேட்டரில் மிச்சச் சூடு அதிகம் இருக்காது. கேஸ் பாய்லருக்கு 6, எண்ணெய் பாய்லருக்கு 3 என்பதே வழக்கம். மாற்றியதும் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

இரவில் 14, 15க்கு இறக்கிவிட்டுக் காலையில் 20 கேட்கிறீர்களா? அப்படியானால் ஐந்தாறு டிகிரி ஏற்ற பாய்லர் வெகுநேரம் முழு வேகத்தில் எரியும், அன்றைய ஏற்றம்தான் மிக மோசமாக இருக்கும். 17-ல் விடுங்கள்.

தெர்மோஸ்டாட் ஹாலில் இருந்தால் அங்குள்ள ரேடியேட்டரின் வால்வை முழுக்கத் திறந்து வையுங்கள். அது பாதியில் மூடிக்கொண்டால் ஹால் 20-ஐ எட்டவே எட்டாது, படுக்கையறைகள் வெந்துபோகும். தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் வயர் வரும் துளை வழியாகச் சுவருக்குள்ளிருந்து குளிர்காற்று வந்து, அறை குளிர்ந்திருப்பதாகத் தெர்மோஸ்டாட்டை ஏமாற்றுவதும் உண்டு. அடைப்பதாக இருந்தால் மெயினை அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இங்கே பல தெர்மோஸ்டாட்களில் ஓடுவது 230 வோல்ட், கனடாவில் பெரும்பாலும் இருக்கிற 24 வோல்ட் அல்ல, அங்கே இருப்பவர்களின் வீடியோவைப் பார்த்துக் கை வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. தெர்மோஸ்டாட் 20-ஐத் தாண்டியும் 23 வரை தீ எரிந்துகொண்டே இருந்தால் தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம், வயரிங் தவறாக இருக்கலாம். அதற்கு கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்பவர்களுக்கான பிரிட்டனின் பதிவேடு) பதிவு பெற்ற ஒருவரைக் கூப்பிடுங்கள், பாய்லர் மூடியை நீங்களாகத் திறக்க வேண்டாம். வரும்போது உங்கள் குறிப்பைக் காட்டினால் அவருக்கு ஒரு மணி நேர வேலை மிச்சமாகும்.